மூலையைத் தொடாத கோடு

ஒன்பதாம் வகுப்பு மகளின் வீட்டுப்பாடம் பற்றி ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 3எக்ஸ் + 7ஒய் = 29 என்பதற்கு வரைபடம் போட வேண்டும். எக்ஸுக்கு 0, 1, 2 கொடுத்தால் ஒய் ஒவ்வொரு தடவையும் ஏழின்கீழ்ப் பின்னமாகவே வருகிறதாம். கிராஃப் தாளில் அதை எங்கே வைப்பாள் பிள்ளை?

0, 1, 2தான் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? 5 கொடுக்கட்டும். ஐமூன்று பதினைந்து, மிச்சம் பதினான்கு, ஒய் 2. புள்ளி கட்டத்தின் மூலையில் கச்சிதமாக உட்காரும்.

ஒன்று சிக்கினால் மற்றவை தாமே வரும். நான் விடுதியில் இருந்த காலத்தில் டீ 3 ரூபாய், பரோட்டா 7 ரூபாய். ஐந்து டீ, இரண்டு பரோட்டா என்றால் 29. ஏழு டீயைக் கூட்டி மூன்று பரோட்டாவைக் குறைத்தால் பில் மாறாது; ஆகவே (12, -1). எதிர்ப்பக்கம் போனால் (-2, 5): ஐந்து பரோட்டா தின்றுவிட்டு இரண்டு டீயைக் கடைக்காரருக்கே திருப்பிக் கொடுப்பது! கணக்கு ஒப்புக்கொள்ளும், கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. 6எக்ஸ் + 9ஒய் = 20 என்ற கோட்டை வரைந்து பாருங்கள். இரு பக்கமும் முடிவில்லாமல் நீட்டினாலும் முழு எண்கள் சந்திக்கும் ஒரு மூலையைக்கூட அது தொடாது. ஆறும் ஒன்பதும் மூன்றின் மடங்குகள். அவற்றை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் மூன்றின் மடங்குதான் வரும், 20 வராது. கோடு சில மூலைகளுக்குப் பக்கத்தில் வந்தும் தொடாமல் விலகிப்போகிறது.

சமன்பாட்டைக் கோடாகப் பார்க்கும் வழியை டெகார்த் அச்சேற்றியது 1637இல். முழு எண் விடைகளைத் தேடும் வித்தையோ கிராஃப் தாள் இல்லாமலே 499இல் ஆரியபட்டர் எழுதிவைத்தது. பெரிய எண்களை வகுத்து வகுத்துச் சிறிதாக்கும் அதற்குக் குட்டகம், அதாவது இடித்துப் பொடியாக்குதல், என்று பின்னால் பெயர் வந்தது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அட்டவணையை நிரப்பு, ஸ்கேலை வை, மதிப்பெண் வாங்கு.

அதிலும் இரண்டு புள்ளியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒன்று தப்பாக இருந்தாலும் ஸ்கேல் மறுக்காமல் கோடு போட்டுத் தரும்; மூன்றாவது புள்ளிதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே அம்மா, உங்கள் மகள் (-2, 5), (5, 2) இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தபின் (12, -1)ஐ வைக்கட்டும். அது கோட்டிலேயே விழுந்தால் பென்சிலைக் கீழே வைக்கலாம்.