புதுப் போனா, சிக்னலா? கடைக்காரர் போட வேண்டிய கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை. பல்லாவரம் சந்தைக்கு வந்த கூட்டம் வீடு திரும்பும் வழியில் மளிகைக் கடையில் நிற்கிறது. ஒரு அம்மா 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, கல்லாவில் ஒட்டியிருக்கும் அட்டையை ஸ்கேன் செய்து, போனைத் திருப்பிக் காட்டுகிறார். "போயிடுச்சு அண்ணாச்சி, பாருங்க, பச்சை டிக் வந்திருக்கு." ஓரத்தில் இருக்கும் ஒலிப்பெட்டியோ வாயைத் திறக்கவில்லை. "சத்தம் வரலியேம்மா, ஒரு நிமிஷம் இருங்க." பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். சாமானைக் கொடுப்பதா, நிறுத்துவதா? கொடுத்தால் 640 ரூபாய் சந்தேகம். நிறுத்தினால் பத்து வருட வாடிக்கை சந்தேகம்.

இந்த இடத்தில் உண்மையில் நடப்பது என்ன? பணம் அந்த அம்மாவின் வங்கியிலிருந்து நம் வங்கிக்குப் போகிறது. அதற்கு நம் கடையில் சிக்னல் தேவையில்லை. அவர் போனில் இருந்தால் போதும். ஆனால் 'வந்துவிட்டது' என்று நமக்குச் சொல்லும் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அந்த சிம்முக்கு டவர் எட்டவில்லை என்றால், பணம் கணக்கில் ஏறியிருந்தாலும் பெட்டி பேசாது. அதே சமயம், பச்சை டிக் போட்ட போலிப் படத்தைக் காட்டிச் சாமான் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. பெட்டியின் மௌனம் எந்த வகை என்று நமக்குத் தெரிய வழியில்லை. ஆகவே இன்றைய மளிகைக் கடைக்காரருக்கு சிக்னல் என்பது பேச்சு வசதி மட்டும் அல்ல. அது தராசு போன்றது. தராசு ஆடினால் வியாபாரம் நிற்கும்.

இந்த நிலையில் செல்போன் கம்பெனிகள் செய்யும் விளம்பரத்தைப் பாருங்கள். புதிய மாடல், புதிய 5ஜி, மாதத் தவணை, கூடவே கழிவு. டவரைப் பற்றி எவ்வளவு இருக்கிறது? கம்பெனி தன் முதலைப் புதுப் போனைத் தள்ளிவிடுவதில் போட வேண்டுமா, டவரைச் சீராக்குவதில் போட வேண்டுமா என்பது அவர்கள் தலைவலி என்று நாம் விட்டுவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் நடந்திருக்கிறது.

ஏர்செல்லை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1999-ல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கியது. 2003-ல் சென்னையில் ஆர்.பி.ஜி. செல்லுலார் நிறுவனத்தை வாங்கித் தலைநகருக்குள் வந்தது. 2006-ல் மலேசியாவின் மேக்ஸிஸ் நிறுவனம் 74 சதவீதப் பங்கை வாங்கியது. கிராமம் வரை சிக்னல், குறைந்த விலையில் ரீசார்ஜ், பிறகு 'பாக்கெட் இன்டர்நெட்' என்று சாமானியர்களின் கம்பெனியாகப் பெயர் வாங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் அதன் பெயர் இருந்தது. சென்னை ஓபன் டென்னிஸுக்கும் அதன் பெயரே இருந்தது.

2010 ஜனவரியில் அந்தக் கம்பெனி தன் டவர்கள் சுமார் 17,500-ஐ ஜி.டி.எல். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்துக்குச் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டது. அதாவது சொந்தக் கட்டடத்தை விற்றுவிட்டு, அதே கட்டடத்தில் வாடகைக்கு உட்கார்ந்தது. இது தவறு என்று உடனே சொல்லிவிடக்கூடாது. பல கம்பெனிகள் டவரை வாடகைக்குத்தான் எடுக்கின்றன, நம்மில் எத்தனை பேர் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறோம்? ஆனால் அதே ஆண்டு நடந்த ஏலத்தில் 13 வட்டங்களுக்கு 3ஜி அலைவரிசையைச் சுமார் 6,500 கோடிக்கும், 8 வட்டங்களுக்கு பிராட்பேண்ட் அலைவரிசையைச் சுமார் 3,438 கோடிக்கும் எடுத்தது. 2011 மே மாதத்தில் ஏர்டெல்லுடன் சேர்ந்து ஐபோன் 4-ஐ இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 34,500 ரூபாயில் தொடங்கியது. பாக்கெட் இன்டர்நெட் போட்ட வாடிக்கையாளர்களில் அதை வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை நம் தெருவை நினைத்தே கணக்கிடலாம்.

ஐபோன் விற்றதால் ஏர்செல் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. கடன், கைவசம் வாங்கிய அலைவரிசையை நாடு முழுவதும் பயன்படுத்த முடியாத நிலை, வழக்குகள், 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு ஏற்பட்ட விலைச் சண்டை என்று காரணங்கள் பல. 2016-ல் எட்டு வட்டங்களின் 4ஜி அலைவரிசையை 3,500 கோடிக்கு ஏர்டெல்லுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது; அந்த எட்டில் தமிழ்நாடும் ஒன்று. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் பேச்சு 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 பிப்ரவரியில் டவர் நிறுவனங்களுக்கான பாக்கி முற்றி, தமிழ்நாடு முழுவதும் சிக்னல் விழுந்தது. அந்த மாதக் கடைசியிலேயே கம்பெனி திவால் மனு கொடுத்தது. வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்றிக்கொள்ள ஷோரூம் வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். பெட்டிக்கடையில் ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தவர்கள், நேற்றுக் காசு வாங்கியதற்கு இன்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மாறிப் போவதற்கான குறியீட்டை 2018 ஏப்ரல் 15 வரை வழங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது.

அந்த வரிசையில் நின்றவர்கள் கையில் நல்ல போன்கள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். போன் வேலை செய்தது. டவர்தான் இல்லை.

அப்படியானால் போன் முக்கியமே இல்லையா? அப்படியும் இல்லை. 2003-ல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் முன்பணத்தில் போன் கொடுத்தபோது, அதுவரை செல்போனைத் தொட்டறியாத லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். நாட்டில் செல்போன் பரவியதில் அந்தத் திட்டத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் பில் கட்டாதவர்கள் பெருகி, கம்பெனிக்குப் பெரிய வாராக்கடன் நின்றது. கடன் சிட்டை எழுதிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2017-ல் ஜியோவும் போன் கொடுத்தது: 1,500 ரூபாய் வைப்புத் தொகை, மூன்று ஆண்டு கழித்துத் திருப்பித் தருவதாக ஏற்பாடு. வேறுபாடு என்னவென்றால், அதற்கு முன்பே நாடு முழுவதும் 4ஜி டவரைப் போட்டுவிட்டது. அந்த டவரில் பேசத் தகுந்த மலிவு விலைப் போன் ஏழை மக்களிடம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் போன் வந்தது. சரக்கை இறக்கி அடுக்கிய பிறகு பையை இலவசமாகக் கொடுப்பது ஒன்று. பையை மட்டும் கொடுத்துவிட்டு அரிசி நாளை வரும் என்பது வேறு.

அமெரிக்காவிலும் இந்தக் கதை நடந்தது. 2007-ல் ஐபோனை விற்கும் உரிமை ஏ.டி. அண்ட் டி. கம்பெனிக்கு மட்டும் கிடைத்தது. வாடிக்கையாளர்கள் குவிந்தார்கள். கூட்டம் தாங்காமல் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் பேச்சு அறுந்து அறுந்து விழுவதாக ஆண்டுக்கணக்கில் புகார் எழுந்தது. போட்டிக் கம்பெனியான வெரைசன் அந்தக் காலம் முழுவதும் 'எங்கள் சிக்னல் விழாது' என்பதையே சொல்லி வியாபாரம் செய்தது. 2011 பிப்ரவரியில் ஐபோனையும் விற்கத் தொடங்கியது. போனை வைத்து ஆள் சேர்த்த கம்பெனி பிறகு டவருக்காகக் கோடிக்கணக்கில் இறைக்க வேண்டியிருந்தது. அங்கே போனைக் கம்பெனியே பாதி விலையில் கொடுத்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் வழக்கம் இருந்தது. நம் நாட்டில் பெரும்பாலோர் முன்பணம் கட்டும் பிரிபெய்டுக்காரர்கள். போன் ஒரு கடையில், சிம் ஒரு கடையில். எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. இங்கே போனைக் கொடுத்து வாடிக்கையாளரைக் கட்டிப்போட முடியாது. சிக்னலைக் கொடுத்துத்தான் நிறுத்த முடியும்.

புதுப் போன் வாங்கினால் சிக்னல் தேறுமா என்று கேட்பவர்கள் அதிகம். குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரிக்குக் கிடங்குக்குள் போன் எடுக்காது. ஆர்டர் கொடுக்கக் கூப்பிடுகிற சில்லறைக் கடைக்காரர்கள், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று கேட்டுவிட்டு வேறு இடத்தில் சரக்கு எடுத்தார்கள். மகன் சொன்னான் என்று 18,000 ரூபாய்க்குப் புதுப் போன் வாங்கினார். அதையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டியிருந்தது! கடைசியில், கிடங்கு வேலையாட்களின் போனை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, எந்தக் கம்பெனி சிம் உள்ளே எடுக்கிறது என்று கண்டுபிடித்து, பழைய போனிலேயே அதைப் போட்டார். முதலிலேயே செய்திருந்தால் பணம் மிச்சம்.

இதற்குக் காரணம் அலைவரிசை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5ஜி-க்குப் பெரும்பாலும் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை ஏராளமாகச் சுமக்கும். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். தகரக் கூரையும் இரும்பு ஷட்டரும் எல்லா அலைக்கும் எதிரி. ஆகவே ஜி.எஸ்.டி. சாலையில் நின்று 5ஜி வேகம் பார்த்து மகிழ்வதில் கடைக்குப் பயனில்லை. நம் பகுதிக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. பல்லாவரம், திரிசூலம் மலைகள் அலையை மறைக்கும். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் கட்டடத்துக்கும் டவருக்கும் உயரக் கட்டுப்பாடு. உயரமாக ஒன்றைப் போட முடியாத இடத்தில், தாழ்வாகப் பலவற்றை நெருக்கிப் போட வேண்டும். அதற்குச் செலவு கூடும். எந்தக் கம்பெனி அந்தச் செலவைச் செய்திருக்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

ஒரு டவரின் கொள்ளளவு எல்லோருக்கும் பொது. புதுக் கார் வாங்கியதால் பல்லாவரத்தில் நெரிசல் குறையாது. சாலைதான் அகலமாக வேண்டும். இதில் ஒரு விதிவிலக்கு: தெருவில் பலர் 5ஜி போனுக்கு மாறினால் அவர்கள் சுமை வேறு அலைக்குப் போய், 4ஜி-யில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். புதுப் போனால் ஊருக்கு வரும் நன்மை அவ்வளவே. அதற்காக நம் கல்லாவிலிருந்து பணத்தை எடுக்க அவசரமில்லை.

மின்சாரமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென் சென்னையிலும் தாம்பரம் புறநகரிலும் மின்சாரம் நின்றது. டவர்களின் பேட்டரியும் டீசலும் தீர, போன்கள் ஊமையாயின. அந்த நாட்களில் பாலும் மெழுகுவர்த்தியும் ரொக்கத்துக்குத்தான் விற்றன. ரொக்கம் இல்லாதவருக்குக் கடன். டவரில் எத்தனை மணி நேரத்துக்கு மாற்று மின்சாரம் இருக்கிறது என்பதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

டிராய் 2024-ல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி, எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் கட்டணக் கழிவும் உண்டு. மாவட்ட அளவில் என்பதைக் கவனியுங்கள். பம்மலில் இரண்டு தெரு மட்டும் இருண்டால் இது பொருந்தாது. வரைபடமும் வெளியில் நிலைமை எப்படி என்பதையே காட்டும். உங்கள் கடையின் பின்கட்டைக் காட்டாது.

எனவே சோதனையை நாமே செய்ய வேண்டும். கூட்ட நேரத்தில், மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள், கல்லாவிலும் கிடங்கிலும் வெவ்வேறு கம்பெனி சிம் போட்ட போன்களை வைத்துப் பேசிப் பாருங்கள். பத்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஒலிப்பெட்டியில் இருப்பது எந்தக் கம்பெனி சிம் என்று கொடுத்தவரிடம் கேளுங்கள். அது உங்கள் போன் கம்பெனியாகவே இருந்தால், ஒன்று படுத்தால் இரண்டும் படுக்கும். போனில் இரண்டாவது சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். பெட்டி பேசாத நேரத்தில் வாடிக்கையாளரின் போனைப் பார்க்காமல், நம் வங்கிக் குறுஞ்செய்தியையோ கணக்கையோ பார்ப்பதே முறை.

கம்பெனி மாற முடிவு செய்தால், 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் உங்கள் எண்ணையும் 1900-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் குறியீடு வரும். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாட்களில் மாறிவிடும். இணைப்பு வாங்கி 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக்கூடாது. புது சிம் மாற்றி ஏழு நாளுக்குள் முடியாது. மாறுகிற அந்தச் சில மணி நேரம் வங்கிக் குறுஞ்செய்தி வராது. அந்த எண்தான் கணக்கில் இருக்கிறது என்றால், சம்பளக்காரர்கள் சாமான் வாங்க வரும் மாதத்தின் முதல் வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.