கைக்கடிகாரத்தைத் திருப்பினால் போதுமா?

ஜப்பானில் ட்ரெயினிங், ஜெர்மனியில் மெஷின் பார்த்து வாங்கும் வேலை, அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வெளிநாடு போய்வராத தெரு இப்போது குறைவு. போவதற்கு முன் சூட்கேஸை எடைபோடுகிறார்கள், கரன்சி மாற்றுகிறார்கள், ஊறுகாயை நாலு கவர் போட்டுச் சுற்றுகிறார்கள். மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்த பிறகு டாக்டரான என்னிடம் வருகிறார்கள், சர்க்கரை முந்நூறைத் தாண்டிய பிறகு. சிலர் அங்கேயே மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸ் பில்லையும் கையோடு கொண்டுவருகிறார்கள். விசாரித்தால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: “டைமுக்குத்தான் சார் போட்டேன்.”

எந்த ஊர் டைமுக்கு?

இடறுகிற கணக்கு

இரவு பத்து மணிக்கு நீண்டநேர இன்சுலின் போடுகிற ஒருவர் குளிர்காலத்தில் ஜெர்மனி போகிறார் என்று வையுங்கள். அந்த ஊர் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே இறங்கி, அங்கத்திய இரவு பத்துக்கு அடுத்த ஊசியைப் போட்டால் இரண்டு ஊசிக்கும் நடுவே 24 மணி நேரம் அல்ல, இருபத்தெட்டரை மணி நேரம். ஊசியின் வேகம் தீர்ந்துபோன அந்த நாலரை மணி நேரத்தில் சர்க்கரை ஏறுகிறது. திரும்பி வரும்போது தலைகீழ்: பத்தொன்பதரை மணி நேரத்திலேயே அடுத்த ஊசி விழுந்து, பழையதும் புதியதும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே போகும்போதே இந்தச் சிக்கல் வந்துவிடும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குக் குளிர்காலத்தில் போனால் இடைவெளி முப்பத்து நாலரை மணி நேரம்.

துபாய்க்குப் போகிறவர் பதற வேண்டாம், ஒன்றரை மணி நேரம்தான். சிங்கப்பூருக்கு இரண்டரை. இந்த அளவுக்குப் பெரும்பாலோருக்கு எதையும் மாற்றத் தேவையில்லை. தைராய்டு மாத்திரையும் சில மணி நேரம் தள்ளிப்போவதால் கெடுவதில்லை, அதன் வேகம் உடலில் நாள் கணக்கில் நிற்கும். வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இன்சுலின் மூன்றும் அப்படியல்ல. இவற்றில் இடைவெளியை மணிக்கணக்கில் எண்ண வேண்டும். வலிப்பு உள்ளவருக்கு விமானத்தில் தூக்கம் கெடுவதே பாதி ஆபத்து, அதோடு ஒரு வேளை மாத்திரையும் தவறினால் கேட்கவே வேண்டாம்.

சில்க் போர்டு சிக்னலில்

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. விமான நிலையம் இருப்பது பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில், நாம் இருப்பது தெற்கே. வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல் கிளம்புகின்றன. சாயங்காலமே புறப்பட வேண்டும் என்பதால் இரவு உணவுக்கான ஊசியை வீட்டிலேயே போட்டுவிட்டு, “சாப்பாட்டை ஏர்போர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்” என்று வண்டி ஏறுகிறார்கள். அத்திப்பள்ளி தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி, சில்க் போர்டில் வண்டி நின்றுவிடுகிறது. வேர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. பதற்றம் என்று கூட இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது தாழ்சர்க்கரை. தட்டு முன்னால் வந்த பிறகே உணவுவேளை ஊசி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

நாட்டு வைத்தியமும் யூடியூப் வைத்தியமும்

“விட்டுப்போன மாத்திரையைச் சேர்த்து ரெண்டா போட்டுட்டேன்.” பி.பி. மாத்திரையை இரண்டாகப் போட்டவர் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். சர்க்கரை மாத்திரையை இரண்டாகப் போட்டவர் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை, ஹோட்டல்காரர்கள் கதவைத் திறந்து காப்பாற்றினார்கள். விட்டது விட்டதுதான். அதைக் கடன் பாக்கிபோல அடைக்கப் போகாதீர்கள்.

“பட்டினி கிடந்தா ஜெட் லேக் வராதாம்.” எந்த வீடியோவில் வந்ததோ தெரியவில்லை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றில் பத்து மணி நேரம் பறப்பது என்ன புத்திசாலித்தனம்? அந்த வீடியோ போட்டவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

“ஒரு தூக்க மாத்திரை, ஒரு பெக்.” பக்கத்து வீட்டுக்காரர் சீட்டில் வாங்கிய ஆல்ப்ரஸோலத்தை, விமானத்தில் கொடுக்கும் மதுவோடு சேர்த்து விழுங்குகிறார்கள். இரண்டும் மூச்சை மந்தப்படுத்துபவை. குறட்டை விடுகிற, பருத்த உடம்புக்காரர்களுக்கு இது விளையாட்டே அல்ல. அசையாமல் ஒரே நிலையில் கிடப்பதால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. இன்னொன்று: ஆல்ப்ரஸோலம், ட்ரமடால் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் இருந்தால் டாக்டரை அல்ல, வக்கீலைத் தேட வேண்டியிருக்கும்.

“கசகசா பால் குடிச்சா தூக்கம் வரும், கொஞ்சம் கட்டிக் கொடுத்திருக்கேன்.” பாட்டிமார்களுக்கு என் வணக்கம். ஆனால் அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். தூக்கத்துக்காக அதைச் சுமந்துபோய்க் காவல் நிலையத்தில் விழித்திருக்க வேண்டாம். ஜாதிக்காயைப் பாலில் அரைத்து அளவில்லாமல் குடித்து, நெஞ்சு படபடத்து வந்தவர்களையும் பார்த்தாயிற்று.

“மெலடோனின் இயற்கையானது, எத்தனை வேணா சாப்பிடலாம்.” அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் டப்பாவோடு கொடுத்துவிட்டுப் போன மிட்டாய் மாத்திரை. நேரமாற்றத்துக்கு மெலடோனின் உதவும் என்பது உண்மை. போய்ச் சேர்ந்த ஊரின் படுக்கை நேரத்தை ஒட்டி, குறைந்த அளவில், சில நாள் மட்டும். பகலில் விழுங்கினால் உடம்பு இன்னும் குழம்பும். வலிப்பு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொடவே கூடாது.

“எந்தப் பக்கம் பறந்தாலும் ஒண்ணுதான்.” இல்லை. மேற்கே போவது உடம்புக்குக் கொஞ்சம் எளிது, கிழக்கே போவது கடினம். நேரங்கழித்துத் தூங்குவது எல்லோருக்கும் வரும், வராத தூக்கத்தை முன்கூட்டி வரவழைப்பதுதான் சிரமம். உடம்பு ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம்தான் நகரும். இதற்கு நல்ல மருந்து வெளிச்சம், அதை யாரும் நம்புவதில்லை, காசு கொடுக்க வேண்டாமே! ஜப்பான் போனவர் முதல் சில நாள் காலை எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் நடக்கட்டும். ஜெர்மனி போனவர் சாயங்கால வெளிச்சத்தில் நடக்கட்டும்.

அவர்கள் கடிகாரத்தைத் திருப்பும் நாள்

ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஜப்பான், கொரியா, வளைகுடா நாடுகளில் இந்த வழக்கம் கிடையாது. நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல, இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது.

ஒரு மணி நேரம்தானே என்று அலட்சியம் வேண்டாம். வசந்தத்தில் கடிகாரம் முன்னே போன வாரத்தில் மாரடைப்பு சற்றே கூடுவதை ஸ்வீடனின் பதிவேடுகளை வைத்து 2008-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தூக்கம் பிடுங்கப்படுவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த நீங்கள், நெடும்பயணக் களைப்போடு அந்த வாரத்தில் அங்கே இறங்கினால் முதல் நாளே பெட்டி தூக்கி ஓட வேண்டாம்.

போன் தானாக மாறிக்கொள்ளும். அதுவே வம்பு: அலாரம் அந்த ஊர் எட்டு மணிக்கு அடிக்கிறது, நீங்களும் யோசிக்காமல் விழுங்குகிறீர்கள். குளுக்கோமீட்டரோ ஓசூர் நேரத்திலேயே நிற்கிறது. அதில் பதிவான எண்களைக் காட்டும்போது எது காலைச் சர்க்கரை, எது இரவுச் சர்க்கரை என்று எனக்கும் புரிவதில்லை, உங்களுக்கும் புரிவதில்லை.

ஊரைவிட்டு நகராமலே

பாகலூர் சாலையில் குடியிருந்துகொண்டு அமெரிக்க நேரத்தில் வாழ்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டிக்கு ராத்திரி கேபில் போய், விடிந்தபின் திரும்புகிறவர்கள். மார்ச்சில் அங்கே கடிகாரம் மாறினால் இங்கே இவர்களுடைய போன் கால் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறது, நவம்பரில் பின்னால் போகிறது. நெஞ்செரிச்சல், முப்பது வயதில் பி.பி., தூங்க ஒரு மாத்திரை, விழிக்க நாலு காபி. விமானமே ஏறாத இவர்களுக்கும் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும்.

பரிசோதனை

பயணத்துக்கு முன் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, பி.பி., கிரியேட்டினின், இதய நோயாளிக்கு ஈ.சி.ஜி. போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

டிக்கெட் கைக்கு வந்த வாரமே வாருங்கள். கிளம்பும் நேரம், இறங்கும் நேரம், நடுவில் எங்கே மாறுகிறீர்கள், திரும்பும் தேதி, எல்லாம் வேண்டும். எந்த ஊசி எப்போது, எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தருகிறேன், அதற்குப் பத்து நிமிடம் போதும். நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ்.

திரும்பி வரும்போது விடியற்காலை தேவனஹள்ளியில் இறங்கி, நீங்களே காரை ஓட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வராதீர்கள். வேறு யாராவது ஓட்டட்டும். கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வெளிநாட்டிலிருந்து நேற்று இறங்கியவரை இன்று ஏ ஷிப்டில் பிரஸ் மெஷின் முன்னால் நிறுத்தாதீர்கள், இரண்டு நாள் கொடுங்கள். டாக்சி வாசலில் ஹாரன் அடிக்கும்போது “சார், ஊசியை எத்தனை மணிக்குப் போடட்டும்?” என்று போனில் கேட்பதை மட்டும், தயவுசெய்து, இனி விட்டுவிடுங்கள்.