கண் காணாத நேரத்தில் பதியும் படம்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிகிற நேரம். விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைக்குள் நுழைகின்றன. கரையில் ஏலக் கூச்சல் ஆரம்பித்துவிட்டது. ஒரு படகின் அணியத்தில் நிற்பவர் கரையை நோக்கிக் கயிற்றை வீசுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் கடலைவிட்டு மேலே வருகிறது. கைப்பேசியில் எடுத்தவர் அடுத்த நொடியே போட்டுப் பார்த்து, பக்கத்தில் இருப்பவருக்கும் காட்டிவிடுவார். பிலிம் கேமராவில் எடுத்தவருக்கு அது முடியாது. லேபிலிருந்து நெகட்டிவ் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரியாத விஷயம் ஒன்று உண்டு: பிலிமில் பதிந்த கணங்களில் ஒன்றைக்கூட அவர் கண் பார்க்கவில்லை.

கேமராவுக்குள் பிலிம் ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது நின்று நின்று போகிறது. கொக்கி போன்ற ஒரு நகம் பிலிமின் ஓரத் துளைகளைப் பற்றி, ஒரு பிரேம் உயரத்துக்கு, அதாவது 35 எம்.எம். பிலிமில் வழக்கமாக நான்கு துளைகள் அளவுக்கு, கீழே இழுக்கிறது. பிறகு விட்டுவிடுகிறது. பிலிம் அசையாமல் நிற்கும்போது ஒளி விழுகிறது. மீண்டும் இழுப்பு. நொடிக்கு 24 முறை இது நடக்கிறது. இழுக்கும் நேரத்தில் ஒளி பட்டால் படம் கோடு கோடாகிவிடும் என்பதால் சுழலும் அரைவட்டத் தகடு ஒன்று குறுக்கே வந்து மறைக்கிறது. அதுதான் ஷட்டர். பாதி நேரம் திறப்பு, பாதி நேரம் மூடல். ஆக ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைப்பது நொடியில் 48-இல் ஒரு பங்கு.

1937-இல் ஜெர்மனியின் ஆரி நிறுவனம் தன் ஆரிஃபிளெக்ஸ் கேமராவில் இந்த ஷட்டர் தகட்டின் முகத்தில் கண்ணாடி பதித்து, 45 பாகை சாய்த்து வைத்தது. பிலிமுக்கு மூடியிருக்கும் நேரத்தில் லென்ஸ் வழியே வரும் ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டு வியூஃபைண்டருக்குத் திரும்பும். அதுவரை ஸ்டுடியோக்களை ஆண்ட மிட்செல் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டுமானால் கேமராவின் உடலையே பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்து, திரும்பத் தள்ளிவைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஆரிஃபிளெக்ஸ் அந்தத் தொல்லையை ஒழித்தது. ஆனால் இந்த ஏற்பாட்டின் உள்ளர்த்தத்தைக் கவனியுங்கள். பிலிம் பார்க்கும்போது உங்களுக்கு இருட்டு. நீங்கள் பார்க்கும்போது பிலிமுக்கு இருட்டு. கல்யாணக் காட்சியில் போட்டோகிராபரின் ஃப்ளாஷ் ஒன்று பளிச்சென்று வெட்டியதை வியூஃபைண்டரில் நன்றாகப் பார்த்தீர்களா? அப்படியானால் அது பிலிமில் இல்லை. உங்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தால் பதிந்திருக்கும்.

பிலிம் என்றாலே கவிதை, அதன் மணிகளில், அதாவது கிரெயினில், ஆன்மா இருக்கிறது என்று உருகுகிறவர்களை நான் முழுக்க நம்புவதில்லை. பிலிமில் எடுப்பது, பார்க்க முடியாத ஒன்றைச் சரியாகச் செய்யும் வேலை. நம்பிக்கையைவிட அதற்கு முன்னேற்பாடு அதிகம் தேவை.

இந்த ஊரில் அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான். 1917 வாக்கில் சென்னையில் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியார், கையால் சுற்றும் வில்லியம்சன் கேமராவில் எடுத்தார். கேமரா வித்தையை அவர் கற்றது ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம். நெகட்டிவ் கழுவும் லேபை மட்டும் அவர் இங்கே வைக்கவில்லை. குளிர்ச்சியான பெங்களூரில் வைத்தார். பிலிமின் பூச்சு ஜெலட்டினால் ஆனது. வெந்நீரில் அது பஞ்சு மாதிரி ஊதி இளகிவிடும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சித்திரை மாதத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தது தேறியதா என்று அறிய முதலியார் பெங்களூர்ச் செய்திக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் பிலிம் கேமராவோடு போகிறவருக்கு முதல் எதிரி அந்த வெக்கைதான். அதோடு சேர்ந்துகொள்ளும் ஈரம் இன்னும் மோசம். ரா ஸ்டாக்கை, அதாவது இன்னும் எடுக்காத பிலிமை, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். 13 டிகிரிக்குக் கீழே நல்லது. ஆனால் வெளியே எடுத்தவுடன் கேனைத் திறக்கக் கூடாது. ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி பனிப்பது போல, காசிமேட்டுக் காற்று சில்லென்ற பிலிம்மேல் பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும், புள்ளி விழும். கேனின் டேப்பைப் பிரிக்காமல் சில மணி நேரம் வெளியே வைத்து, சூடு சமமான பிறகே திறக்க வேண்டும். விடியற்காலை ஷாட் என்றால் முந்தின இரவே எடுத்து வைக்கிறவர்தான் நல்ல அசிஸ்டன்ட். வெயிலில் நிற்கும் வேனுக்குள் கேனை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவரை யூனிட்டில் வைத்திருப்பதே ஆபத்து. மீன் கொண்டுபோகும் தெர்மோகோல் பெட்டி நல்ல பாதுகாப்பு. புதிதாக வாங்குங்கள், ஐஸ் கட்டி போடாதீர்கள்.

அடுத்தது ஒளி. வியூஃபைண்டரில் தெரியும் வெளிச்சத்தை நம்பக் கூடாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. காட்சியில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் மீட்டர், எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே நினைத்துக்கொள்ளும். தகதகக்கும் கடலை அதனிடம் காட்டினால், வெளிச்சம் போதும் போதும் என்று சொல்லி, படகில் நிற்பவரின் முகத்தைக் கரியாக்கிவிடும். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த வெளிறிய நிலத்திலும் இதே ஏமாற்று வேலை நடக்கும். ஆள் நிற்கும் இடத்துக்கே போய், வெள்ளைக் குமிழ் வைத்த மீட்டரைக் கேமரா பக்கம் திருப்பி, அவர்மேல் விழும் ஒளியை அளப்பது மேல். சூரியனுக்கு எதிராக நிற்பவர் நிழலுருவமாக வேண்டுமா, முகம் தெரிய வேண்டுமா என்பதை அளப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஷாட்டில் கிடைக்காது.

சந்தேகம் வந்தால் நெகட்டிவுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒளி கொடுங்கள். டிஜிட்டல் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். டிஜிட்டலில் வெளுத்துப்போன வானம் போனதுதான், திரும்பி வராது. நெகட்டிவ் வெளிச்சத்தை நிறையத் தாங்கும், பட்டினி போட்டால்தான் நிழல் பகுதி சேறாகிவிடும். ஒளியுணர்திறன் 500 ஏ.எஸ்.ஏ. உள்ள பிலிமை 400 என்றோ 320 என்றோ வைத்து எடுக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

எந்த பிலிம் எங்கே என்பதற்கு ஒரு பழைய மனக்கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16 வைத்தால், பிலிமின் ஏ.எஸ்.ஏ. எண்தான் ஷட்டர் வேகம். 50 ஏ.எஸ்.ஏ. பகல் பிலிம் என்றால் நம் 48-இல் ஒரு பங்குக்கு அது அப்படியே பொருந்திவிடுகிறது. விளக்கொளிக்கான 500 ஏ.எஸ்.ஏ. டங்ஸ்டன் பிலிமை மதிய வெயிலுக்கு எடுத்துப்போனால் 85 என்ற ஆரஞ்சு பில்டர், அதன்மேல் கறுப்புக் கண்ணாடி போல ஒளியைக் குறைக்கும் என்.டி. பில்டர் என்று லென்ஸுக்கு முன்னால் சுவரே கட்ட வேண்டும். பகல் பிலிமின் பெயரிலும் டங்ஸ்டன் பிலிமின் பெயரிலும் வரும் ஆங்கில எழுத்து நம் வாயில் ஒரே 'டி' ஆகிவிடுவதால், பாதி ஷூட்டிங்கில் கேனை மாற்றிக் கேட்கும்போது 'டே', 'டங்ஸ்டன்' என்று முழுசாகச் சொல்வது உத்தமம்.

கேமராவின் பிலிம் பெட்டியான மேகசினில் பிலிம் ஏற்றுவது கறுப்புப் பைக்குள் நடக்கும் வேலை. இரண்டு கைகளை மட்டும் உள்ளே விட்டு, விரல்களால் பார்த்துச் செய்ய வேண்டும். வீணான ரோல் ஒன்றை வைத்து, முதலில் வெளிச்சத்தில் கண் திறந்தும், பிறகு கண் மூடியும் பழகுவார்கள். எண்ணூரில் இந்தப் பையை வெட்டவெளியில் விரிக்காதீர்கள். காற்றில் வரும் சாம்பலில் கண்ணாடித் தன்மையுள்ள கடினமான துகள்கள் இருக்கின்றன. ஒன்று பிலிம் ஓடும் வாசலில், அதாவது கேட்டில், உட்கார்ந்துகொண்டால் ரோல் முழுக்க ஒரே கோடு கீறிவிடும். ஷாட் ஓகே ஆனதும் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்து 'கேட் செக்' செய்வது இதற்காகத்தான். ஓரத்தில் முடி மாதிரி ஒரு பிசிறு தெரிந்தால் இன்னொரு டேக் போக வேண்டியதுதான். நடிகர் எவ்வளவு பெரியவரானாலும்.

கேமரா ஓடும்போது வியூஃபைண்டரிலிருந்து முகத்தை எடுக்க நேர்ந்தால் அதன் மூடியைப் போடுங்கள். பின்பக்கமாக நுழையும் கடற்கரை வெயில் பிலிம்வரை போய்ப் புகை படர்த்தும். காதையும் தீட்டி வைத்திருங்கள். பழைய ஆரி 2சி தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். நம் படங்களில் டப்பிங் இவ்வளவு வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தச் சத்தம் சீராக இருக்கும்வரை உள்ளே எல்லாம் நலம். கடகடவென்று மாறினால் கேட்டுக்கு மேலும் கீழும் தளர்வாக விட்ட பிலிம் வளையம் இழுபட்டுவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள்.

துறைமுகப் பக்கம் போனால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. வரிசையாக நிற்கும் கிரேன்கள், கண்டெய்னர் அடுக்குகள், பாய்மரம் போல நிமிர்ந்த கம்பங்கள். இவற்றின்மேல் கேமராவை வேகமாகத் திருப்பினால் நிமிர்ந்த கோடுகள் எல்லாம் திரையில் குதித்துக் குதித்துப் போகும். நொடிக்கு 24 படம் அதற்குப் போதாது. ஒரு கிரேன் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக ஏழு நொடியாவது ஆகும்படி மெதுவாகத் திருப்புங்கள். அல்லது போகிற லாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதோடு திரும்புங்கள். பார்ப்பவர் கண் லாரியில் இருக்கும், பின்னால் குதிப்பது உறைக்காது.

இரவில் சோடியம் விளக்குகள். நம் மின்சாரம் 50 சுழற்சி என்பதால் அவை நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. 180 பாகை ஷட்டரில் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் துடிப்பு இரண்டும் கொஞ்சமும். அந்தக் 'கொஞ்சம்' மாறிக்கொண்டே இருப்பதால் படம் மினுக்கலாம். ஷட்டரை 172.8 பாகைக்குக் குறைத்தால் சரியாக 50-இல் ஒரு பங்கு நொடி, இரண்டு முழுத் துடிப்புகள். மினுக்கல் நின்றுவிடும்.

இத்தனை கவனமும் எத்தனை நேரத்துக்கு? 400 அடி மேகசின் நாலரை நிமிடம்கூட ஓடாது. நிமிடத்துக்கு 90 அடி போய்விடும். இரண்டாம் உலகப் போரில் பிலிம் தட்டுப்பாடு வந்தபோது ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடே போட்டது. இரண்டு மணி நேரப் படம். நம் செட்டுகளில் ஒத்திகைக்கு 'மானிட்டர்' என்று பெயர். பிலிம் ஓடாமல் நாலைந்து மானிட்டர் பார்த்துவிட்டுத்தான் டேக் போவார்கள். பிலிம் காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. இயக்குநர் வெற்றிமாறனும் ஒளிப்பதிவாளர் வேல்ராஜும் 2007-இல் 'பொல்லாதவ'னை பிலிமில் எடுத்தார்கள். 2018-இல் அதே இருவர் 'வட சென்னை' எடுக்கும்போது காலம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டிருந்தது. இடையில் 2013-இல் ஃபியூஜி சினிமா பிலிம் செய்வதை நிறுத்தியது. கோடாக் இன்னும் செய்கிறது.

கடைசியாக, ஓடி முடிந்த பிலிமைக் கேனில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, எடுத்த பிலிம் என்று பெரிதாக எழுதுங்கள். எடுத்த கேனும் எடுக்காத கேனும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். விமானத்தில் அனுப்பினால் எக்ஸ்ரேக்குள் போகாமல் கைச்சோதனை கேளுங்கள். துறைமுக வாசலிலும் சோதனை உண்டு. அங்கே நிற்கும் காவலர் கேனைக் கையில் வாங்கி, ஆட்டிப் பார்த்து, "உள்ள என்ன சார், தொறந்து காட்டுங்க" என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். அவருக்குத் திறந்து காட்டுவதற்கென்றே வீணான ரோல் ஒன்றைத் தனிக் கேனில் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.