கிளை அலுவலகத்தின் வெற்றுச் செருகிடம்

காங்கேசன்துறைக்கு 1990இல் நின்றுபோன ரயில் 2015 ஜனவரி 2ஆம் திகதி திரும்பி வந்தது. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துப் பயணிகள் கப்பலும் கரை தொட்டது. ரயில்வேக்கும் சுங்கத்துக்கும் தலைமையகம் கொழும்பில், இங்குள்ளவை கிளைகள்.

இத்தகைய கிளையின் கணினிகளைத் தலைமையகத்தோடு இணைப்பது நுழைவாயில் பெட்டி. அதன் பின்புறத்தில் வெற்றுச் செருகிடங்கள் உண்டு.

செப்புக் கம்பியோ கண்ணாடி இழையோ, வரும் இணைப்புக்கு ஏற்ற அட்டையைச் செருகினால் போதும். பெட்டியை மாற்றத் தேவையில்லை. 2004இல் வெளிவந்த சிஸ்கோ நிறுவனத்தின் 2800 வரிசை இப்படி அமைந்தது. அதில் செருகக்கூடிய ‘ஈ1’ அட்டை, ஓர் இணைப்பில் நொடிக்கு 2.048 மெகாபிட் தரவைக் கடத்தும்.

மின்சாரத்தை நிறுத்திய பின்னரே இவ்வகை அட்டையைச் செருகுவார்கள்.