பல் உள்வைப்பின் உறுதிப்பாட்டில் எலும்பு அடர்த்தியும் துளையிடும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்
இழந்த பல்லுக்கு மாற்றாகத் தாடையெலும்பில் பொருத்தப்படும் டைட்டானிய உள்வைப்பு நிலைபெறுவதற்கு அதன் தொடக்கநிலை உறுதி இன்றியமையாதது. எலும்பின் அடர்த்தியும் துளையிடும் முறையும் இணைந்து அவ்வுறுதியை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பல் உள்வைப்பு, எலும்பு அடர்த்தி, துளையிடல், முதனிலை உறுதி, எலும்புப் பிணைப்பு.

முன்னுரை
சுவீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிரோனமார்க், டைட்டானியம் உயிருள்ள எலும்போடு ஒன்றிவிடுவதை 1950களில் முயல்களில் கண்டறிந்தார்; 1965இல் மனிதத் தாடையில் டைட்டானிய உள்வைப்பைப் பொருத்தினார். எலும்புப் பிணைப்பு முழுமைபெறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை உள்வைப்பைத் தாங்குவது எலும்பின் இறுக்கமான பிடிப்பே. இதுவே முதனிலை உறுதி. புதிய எலும்பு வளர்ந்து அளிப்பது இரண்டாம்நிலை உறுதி. பழைய எலும்பு கரைந்து புதிய எலும்பு முதிராதிருக்கும் மூன்றாம், நான்காம் வாரங்களில் மொத்த உறுதி தாழ்வதுண்டு. அப்போது மிகையான நுண்ணசைவு ஏற்பட்டால் எலும்புக்கு மாறாக நார்த்திசு சூழ்ந்து, உள்வைப்பு ஆட்டங்காணும்.

எலும்பு அடர்த்தி
லெக்ஹோம், சார்ப் ஆகியோர் 1985இல் தாடையெலும்பை நான்கு வகைகளாகப் பகுத்தனர். முதல்வகை ஏறத்தாழ முழுவதும் கெட்டியான புறணி எலும்பாலானது. நான்காம் வகையில் மெல்லிய புறணிக்குள் அடர்த்தி குறைந்த பஞ்செலும்பு அமைந்திருக்கும். இது மேல்தாடையின் பின்பகுதியில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஜாஃபின், பெர்மன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று வகைகளில் 3 விழுக்காடாக இருந்த தோல்வி நான்காம் வகையில் 35 விழுக்காடாக இருந்தது. அவை வழவழப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகள்; பின்னர் வந்த சொரசொரப்பான மேற்பரப்புகள் இவ்விடைவெளியைப் பெரிதும் குறைத்தன.

துளையிடும் முறை
கெட்டியான எலும்பில் முதன்மை இடர் வெப்பமாகும். 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் நீடிக்கும் வெப்பமே எலும்புத் திசுவைப் பாதிக்கும் என்று எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் ஆகியோர் 1983இல் முயல்களில் காட்டினர். ஆகவே கூர்மையான துளைப்பான், உப்புநீர்க் குளிர்விப்பு, விட்டுவிட்டுத் துளைத்தல், விட்டத்தைப் படிப்படியாகக் கூட்டுதல் ஆகியன தேவைப்படுகின்றன. இங்குத் துளை குறுகினால் மிகையழுத்தத்தால் எலும்பு கரையக்கூடும்.

மென்மையான எலும்பில் இடர் பிடிப்பின்மையே. எனவே உள்வைப்பின் விட்டத்தைவிடக் குறுகிய துளை இடப்படுகிறது. எலும்பை அகற்றாமல் பக்கவாட்டில் ஒதுக்கி இறுக்கும் கருவிமுறையை 1994இல் சம்மர்ஸ் அறிமுகப்படுத்தினார். எதிர்த்திசையில் சுழலும் துளைப்பான்களைக் கொண்டு ஹுவாய்ஸ் உருவாக்கிய அடர்த்தியூட்டும் முறையும் எலும்புத் துகள்களைத் துளைச்சுவரிலேயே செறிவிக்கிறது.

அளவீடு
உள்வைப்பைத் திருகும்போது அறியப்படும் முறுக்குவிசையும், 1 முதல் 100 வரையிலான ஒத்ததிர்வு அளவெண்ணும் உறுதியைக் காட்டுகின்றன. முன்னதைப் பொருத்தும் வேளையில் மட்டுமே அளக்க இயலும். பின்னதைக் குணமாகும் காலத்திலும் மீண்டும் மீண்டும் அளக்கலாம். உடனடியாகச் செயற்கைப் பல் பொருத்துவதற்கு ஏறத்தாழ 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்குவிசை பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. எனினும் முறுக்குவிசை மிகுந்தோறும் பிணைப்பும் சிறக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை
ஒரே துளையிடும் முறை எல்லா எலும்புக்கும் ஏற்றதன்று. கெட்டியான எலும்பில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தணிப்பதும், மென்மையான எலும்பில் இருப்பதைக் காத்துச் செறிவிப்பதும் மருத்துவரின் கடமையாகின்றன. எலும்பின் தன்மையை முன்னரே கதிர்ப்படத்தாலும், துளைக்கும்போது கையுணர்வாலும் அறிந்து முறையை மாற்றிக்கொள்வதே நோயாளிக்கு மறு அறுவையைத் தவிர்க்கும் வழியாகும்.