தகடு திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்?

சிறு தகட்டு வேலைத்தலம் ஒன்றைத் தொடங்க எண்ணும் சங்கங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த இயந்திரம் நல்லது, என்ன விலை?" என்பதாகும். "அதற்கு எவ்வளவு தளம் வேண்டும்?" என்று கேட்பவர்கள் குறைவு. சேமிப்புப் பணத்தில் பொறியை வாங்கிக் கொட்டிலுக்குள் இறக்கிய பின்னர்தான் தகட்டைத் திருப்ப முடியவில்லை என்பது தெரியவரும். அப்போது சுவரை இடிக்க வேண்டும், அல்லது கையை ஆபத்துக்குள் வைத்து வேலை செய்ய வேண்டும். இரண்டும் ஏழைக் குடும்பங்களால் தாங்க முடியாத செலவுகள்.

கப்பல்துறையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோருக்கு இரும்புத் தகடு புதிய பொருளல்ல. சீனக்குடாவில் பிரித்தானியர் அமைத்த பாரிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. அவ்வளவு பெரிய தாங்கியும் வெட்டி, வளைத்து, பொருத்திய தகடுகளால் ஆனதே. நெல் போட்டு வைக்கும் தகரப் பெட்டி, கூரைப் பீலி, வாளி, நீர்த்தொட்டி ஆகியவையும் அதே மூன்று வேலைகளால் உருவாகின்றன. வேறுபாடு அளவில் மட்டுமே.

தொழிற்சாலைக்கு நிலம் என்ற பேச்சும் இம்மாவட்ட மக்களுக்குப் புதிதல்ல. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2012இல் அங்கே 818 ஏக்கர் நிலம் பாரிய கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015இல் அந்த ஒதுக்கீடு இரத்துச் செய்யப்பட்ட பின்னரே மக்கள் படிப்படியாகத் திரும்பினர். ஆகவே ஒரு தொழிலுக்கு உண்மையில் எவ்வளவு இடம் தேவை என்பதைக் கணக்கிடத் தெரிந்திருப்பது எமக்கு இரட்டை நன்மை தரும். எமது சொந்த வேலைத்தலத்தைச் சரியாக அமைக்கலாம். பிறர் கொண்டுவரும் திட்டத்தையும் கேள்வி கேட்கலாம்.

களவெட்டியைப் போல எண்ணுங்கள்

சூடடிக்கும் களவெட்டியின் அளவை நெற்குவியல் தீர்மானிப்பதில்லை. சுற்றி வரும் மாடுகளும் உழவு இயந்திரமுமே தீர்மானிக்கின்றன. தகட்டு வேலைத்தலமும் அப்படித்தான். பொறி நிற்கும் இடம் சிறியது. தகடு நகரும் இடமே பெரியது.

கடையில் கிடைக்கும் வழமையான தகடு 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டது. 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடொன்று ஏறத்தாழ 23 கிலோ நிறையுடையது. 3 மில்லிமீற்றர் என்றால் 70 கிலோ. இதைப் பிடித்துத் திருப்ப இருவர் வேண்டும். அவர்கள் பின்னோக்கி அடி வைக்கவும் இடம் வேண்டும்.

மூன்று பொறிகள், மூன்று கணக்குகள்

முதலாவது, காலால் மிதித்து வெட்டும் பொறி. 6 அடி அகலமும் 3 அடி ஆழமும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நிற்க 18 சதுர அடி போதும். ஆனால் தகடு முன்னாலிருந்து நுழைகிறது. ஆகவே முன்னே 8 அடி தகட்டுக்கும் 3 அடி ஆளுக்கும் வேண்டும். வெட்டுண்ட துண்டு பின்னால் விழும். அதற்கு 4 அடியும் எடுப்பவருக்கு 3 அடியும் விடவேண்டும். பொறியையும் சேர்த்தால் ஆழம் 21 அடி. இருபக்கமும் 3 அடி விட்டால் அகலம் 12 அடி. மொத்தம் 252 சதுர அடி. பொறியின் இடத்தைப் போல இது 14 மடங்கு.

இரண்டாவது, கையால் மடிக்கும் பொறி. இதில் தகட்டின் பெரும் பகுதி பின்புறம் கிடக்கும். மடிக்கும் பலகையும் கைபிடியும் முன்புறம் மேலெழும். ஆகவே பின்னே தகட்டின் நீளமான 8 அடியும், முன்னே 5 அடியும் விடுங்கள். கைபிடி சுழலும் வட்டத்துக்குள் வேறெவரும் நிற்கக்கூடாது. மின்சாரத்தால் இயங்கும் அழுத்த மடிப்புப் பொறியில் நிலைமை வேறு. அங்கே தகடு வேலை செய்பவரின் கையில், முன்புறம் இருக்கும். மடியும்போது அது விரைவாக மேலெழும்பும். முகத்தில் அடிபடாமல் இருக்க முன்னிடமும், கூரைவளை தடுக்காமல் இருக்க உயரமும் தேவை.

மூன்றாவது, மூன்று உருளைகளால் தகட்டை வளைக்கும் பொறி. தகடு நுழையும் பக்கம் 8 அடியும், வெளிவரும் பக்கம் 5 அடியும் விடலாம். பலர் மறந்துவிடும் இடம் இன்னொன்று உண்டு. தகடு முழு வட்டமாக வளைந்ததும் அது மேல் உருளையைச் சுற்றி மாட்டிக்கொள்ளும். உருளையின் ஒரு முனையைத் திறந்து, அந்தப் பக்கமாகவே உருவி எடுக்க வேண்டும். உருளை 4 அடி என்றால் அந்த முனையிலும் 4 அடி வெறுமையாக இருக்க வேண்டும். அந்த முனையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பொறி வீண்.

இடத்தை மிச்சம் பிடிக்கும் வழி

மடிக்கும் பொறியின் பின்புறமும் வளைக்கும் பொறியின் நுழைவுப் பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி அமைந்தால், இடையிலுள்ள 8 அடியை இரண்டும் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டையும் ஒரே வேளையில் இயக்கக்கூடாது என்பதே நிபந்தனை. நடைபாதையை மட்டும் ஒருபோதும் பகிரக்கூடாது. கதவிலிருந்து கதவு வரை 4 அடிப் பாதை எப்போதும் வெறுமையாக இருக்கட்டும்.

இவ்வாறு கணக்கிட்டால் மூன்று பொறிகள், தகட்டு அடுக்கு, பொருத்தும் மேசை, முடிந்த பொருட்கள், பாதை யாவும் 40 அடி நீளமும் 26 அடி அகலமும் உள்ள கொட்டிலில் அடங்கும். அது 1,040 சதுர அடி. இதில் பொறிகள் நிற்பது 54 சதுர அடி மட்டுமே. மிகுதி யாவும் தகட்டுக்கும் மனிதருக்கும் உரியவை.

வாய்க்காலில் நீர் ஒரு திசையில் ஓடுவதுபோல வேலையும் ஒரு திசையில் ஓட வேண்டும். தகட்டு அடுக்கு, வெட்டு, மடிப்பு அல்லது வளைவு, பொருத்தல், வர்ணம், வெளிக்கதவு என்பதே அந்த ஒழுங்கு. வெல்டிங் செய்யும் இடத்தை வர்ணத்திலிருந்து தள்ளி, காற்றோட்டமாக வையுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும்.

தளமும் மழையும்

100 தகடுகளை ஓரிடத்தில் அடுக்கினால், 1 மில்லிமீற்றர் தகடாயினும், 2 தொன்னுக்கு மேல் நிறை வரும். அந்த இடத்து மண்ணை நன்றாக இடித்து இறுக்காமல் கொங்கிறீற் போட்டால் தளம் வெடிக்கும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை இங்கே கடுமையாகப் பெய்யும். தளத்தை உயர்த்துங்கள், பெரிய கதவை வடகிழக்குப் பார்த்து வைக்காதீர்கள். கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். தகடுகளை மரக்கட்டைகளின் மேல், தரையில் படாமல் அடுக்குங்கள்.

இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்பு வேண்டுமெனக் கூறுகிறது. சிறிய இடம் என்பதற்காக மறைப்பைக் கழற்றுவது விரலைக் கொடுத்து இடம் வாங்குவதாகும். கட்டுவதற்கு முன்னர் வரைபடத்தைப் பிரதேச சபையிடமும் தொழில் திணைக்களத்திடமும் காட்டி ஆலோசனை கேளுங்கள்.

எதை நிலத்தோடு பிணைப்பது?

1990இலும் 2006இலும் வீட்டை விட்டு ஓடியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். காணி உறுதி இன்னும் கைக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய இடத்தில் பொறியைக் கொங்கிறீற்றுக்குள் புதைக்க வேண்டாம். கையாலும் காலாலும் இயங்கும் பொறிகளை உறுதியான இரும்புச் சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தைப் போல்ற் பூட்டித் தளத்தில் இறுக்கலாம். தேவை வந்தால் கழற்றி ஏற்றலாம். மின்சாரத்தால் அடித்து அழுத்தும் பாரப் பொறிக்கு ஆழமான தனி அத்திவாரம் தேவை. காணி உறுதியான பின்னரே அதைப் பற்றிச் சிந்தியுங்கள்.

செலவில்லாத ஒத்திகை

ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் கொட்டிலைத் தாளில் வரையுங்கள். மட்டையில் 2 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் உள்ள துண்டொன்றை வெட்டுங்கள். அதுவே உங்கள் தகடு. அதைக் கதவிலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் நகர்த்திப் பாருங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே திட்டத்தை மாற்றுங்கள்.

பின்னர் வெறுங்காணியில் சாம்பலால் கோடு போடுங்கள். தடிகளால் 8 அடிக்கு 4 அடிச் சட்டமொன்றைக் கட்டி, இருவர் தூக்கிக்கொண்டு முழு வேலையையும் நடந்து பாருங்கள். வேலை செய்யப்போகும் பெண்களும் இளைஞர்களும் அதில் கட்டாயம் பங்குகொள்ள வேண்டும். சாம்பல் கோட்டை அழித்து மாற்ற ஒரு சதமும் செலவில்லை. கொங்கிறீற்றை உடைக்கச் செலவுண்டு.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. நாம் செய்ய எண்ணும் பொருளுக்கு முழுத் தகடு தேவையா, பாதித் தகடு போதுமா? பாதித் தகடானால் கொட்டில் எவ்வளவு சுருங்கும்?

2. எந்தப் பொறிகள் ஒரே வேளையில் இயங்கத் தேவையில்லை?

3. நாளை இடம் மாற நேர்ந்தால், எவற்றை எம்மோடு கொண்டுசெல்ல முடியும்?