ஈரல் பொறுக்கும் காலம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று, ராஜாஜியின் மந்திரிசபை சென்னை ராஜதானியில் மதுவிலக்கை முதன்முதலாக அமலுக்குக் கொண்டுவரத் தேர்ந்துகொண்ட ஜில்லா சேலம்; நாமக்கல்லும் ஆத்தூரும் வாழப்பாடியும் அப்போது அந்த ஜில்லாவிலேயே அடங்கியிருந்தன. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்து, குடியினால் அழிந்த குடும்பங்களை நேரில் கண்டிருந்த அவர் மதுவிலக்குக்குச் சொன்ன நியாயங்களுள் முக்கியமானது, கூலிப்பணம் கடைக்குப் போவதையும் வீட்டில் அடுப்பு எரியாமலிருப்பதையும் பற்றியதாக இருந்தது. குடிப்பவனுடைய ஈரலுக்குள் நடப்பது என்னவென்று வைத்திய சாஸ்திரமே அன்று தெளிவாக அறிந்திருக்கவில்லை.

பாக்குத் தோப்பிலும் மரவள்ளிக் காட்டிலும் பகலெல்லாம் பாடுபட்டு, உடம்பு வலி தீர வேண்டுமென்று மாலையில் கடையை நாடுகிறவர்கள் வாழப்பாடிச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் உண்டு. “கறியும் முட்டையுமா நல்லாத் தின்னுபோட்டுக் குடிச்சா ஒடம்பை ஒண்ணும் பண்ணாதுங்க” என்பது அவர்களுள் பலருடைய நம்பிக்கை. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளின் அபிப்பிராயமும் இதுவாகவே இருந்தது. இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான சார்லஸ் பெஸ்ட், 1949-இல் எலிகளைக்கொண்டு செய்த ஆராய்ச்சியின் முடிவாக, ஈரல் கெடுவது ஆகாரக் குறைவினாலேயன்றி மதுவின் விஷத்தன்மையால் அன்று என்றே கருதினார். அமெரிக்காவில் சார்லஸ் லீபர் என்பவரும் அவருடைய சகாக்களும், போதிய சத்துள்ள ஆகாரத்தோடு மதுவைக் கொடுத்துப் பார்த்தபோது, மனிதர்களின் ஈரலில் அப்போதும் கொழுப்பு சேர்ந்ததை 1965-இல் வெளியிட்டனர்; 1974-இல், நல்ல தீனி தின்ற பபூன் குரங்குகளுக்கும் மதுவினால் ஈரல் இறுகிப்போகும் வியாதி வந்ததைக் காட்டி, அந்தப் பழைய அபிப்பிராயத்தை வேரோடு அசைத்துவிட்டனர்.

நன்றாகச் சாப்பிட்டும் ஈரல் கெடுவதற்குக் காரணம் இதுதான். மதுவைச் சேமித்துவைக்கத் தேகத்தில் இடம் கிடையாது. ஆகையால் ஈரல் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதையே முதலில் எரிக்கிறது. ஒரு நொதி அதை அசெட்டால்டிஹைட் என்னும் நச்சுப்பொருளாக்க, மற்றொரு நொதி அந்த நச்சை அசிடேட்டாக மாற்றுகிறது. இவ்விரண்டு படிகளிலும் பிரிகின்ற ஹைட்ரஜனை ஏந்திக்கொள்ள என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் தேவை. கொழுப்பு அமிலங்களை எரித்துச் சக்தியாக்குவதற்கும் அதே துணைப்பொருள்தான் தேவை. அழுகும் நிலையில் உள்ள ஒரு லோடு கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குள் வந்து இறங்கியதும் காலிக் கூடைகளெல்லாம் அதற்கே போய்விட, முன்பே வந்து காத்திருந்த கிழங்கு களத்தில் குவிந்து கிடப்பதைப்போல, எரியாத கொழுப்பு அமிலங்கள் ஈரலில் தேங்குகின்றன. தட்டில் எத்தனை முட்டை இருந்தாலும் இந்தத் தேக்கம் நீங்குவதில்லை.

தேக்கத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. ஹைட்ரஜன் மிகுந்துவிட்ட அந்நிலை, கொழுப்பு அமிலங்களைக் கிளிசராலோடு பிணைத்து டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாகக் கட்டிவைக்கத் துணைசெய்கிறது. புதிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் நொதிகள் தூண்டப்படுகின்றன. உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து மேலும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தின் வழியே வந்து சேர்கின்றன. சேர்ந்த கொழுப்பை வெளியே அனுப்பும் வேலையும் தடைப்படுகிறது. வரவு பெருகி, செலவு குறைந்து, வாசலும் அடைபட்டால் ஈரல் கொழுத்துப்போவதில் வியப்பில்லை.

கடையில் ‘குவாட்டர்’ என்று வாங்கும் 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் அதை எரிக்கக்கூடுமாதலால், இரவு எட்டு மணிக்குக் குடித்தவருக்குப் பின்னிரவு வரையிலும் அந்த வேலையே சரியாக இருக்கிறது. வயிறு காலியாகி, சேமித்த கொழுப்பை உடம்பு எரிக்கவேண்டிய வேளையும் அந்த இரவுதான்.

நெடுநாள் மிகுதியாகக் குடிப்பவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு ஈரலில் கொழுப்பு படிகிறது. வலியும் காய்ச்சலும் இல்லாததால், வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதே அது தெரியவருகிறது. குடி தொடர்ந்தால் சிலருக்கு அழற்சி உண்டாகி, தழும்பு விழுந்து, ஈரல் சுருங்கி இறுகி, காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும் வந்து சேர்கின்றன. அந்தத் தழும்பு பெரும்பாலும் மறைவதில்லை. ஆனால், கொழுப்பு படிந்த நிலையிலேயே குடியை அறவே விட்டுவிட்டால், பலருக்குச் சில வாரங்களிலேயே ஈரல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மன்னிக்கும் சுபாவம் அந்த உறுப்புக்கு உண்டு. எனினும் அதற்கு ஒரு காலவரம்பும் உண்டு.

ஆகவே, ‘ஈரலில் கொழுப்பு’ என்று ஸ்கேன் சீட்டில் எழுதியிருப்பதைச் சாதாரணமென்று மடித்து வைத்துவிடாமல், குடிப்பவரும் அவருடைய வீட்டாரும் அதைத் தக்க சமயத்தில் வந்த எச்சரிக்கையாகக் கொள்ளவேண்டும். தினமும் மிகுதியாகக் குடித்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரக்கூடுமாதலால், வாழப்பாடியிலோ சேலத்திலோ உள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, டாக்டரிடம் உள்ளதை மறைக்காமல் சொல்லி, அவருடைய பார்வையில் விடுவதே உத்தமம். கடைகளை மூடுவதும் திறப்பதும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இழந்ததை மீட்டுக்கொள்ள ஈரல் தருகின்ற அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்வது நம் கையில் இருக்கிறது.